சி.டி.யைத் தூக்கி எறிவதற்கு முன்னால்

போன ஆடி மாதம் ஒரு மஞ்சள் பையில் 46 சி.டி.க்களைப் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றி, ஜங்ஷன் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். பையில் இருந்த எந்தத் தட்டைப் போட்டாலும் டிரைவ் ‘கிர்ர்’ என்று மூன்று முறை சுற்றும். பிறகு ‘தட்டைப் போடவும்’ என்று ஒரே பதிலைச் சொல்லும். போட்ட தட்டு உள்ளே இருக்கும்போதே இப்படிச் சொன்னால் என்ன செய்வது?

கடைப் பையன் கெட்டவனில்லை. இரண்டு தட்டுகளைப் போட்டுப் பார்த்தான். “சார், டிரைவ் சுத்துது, லைட் எரியுது. அது நல்லாத்தான் இருக்கு. வெள்ளத்துல நனைஞ்சதுன்னு சொன்னீங்கள்லா, தட்டுதான் போச்சு. தூக்கிப் போட்ருங்க. இப்ப யாரு சார் சி.டி. வச்சிருக்கா?” என்றான். காசுகூட வாங்கவில்லை.

நான் தூக்கிப் போடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். 46-இல் 42 தட்டுகள் முழுதாக வந்துவிட்டன. ஒன்று பாதி வந்தது. மூன்றுதான் உண்மையிலேயே போனவை. பையனின் பேச்சைக் கேட்டிருந்தால் 46-உம் குப்பை வண்டியில் போயிருக்கும். உங்களில் பலர் வீட்டிலும் பீரோவுக்குள் இப்படி ஒரு பை இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வெள்ளத்தைச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை கடந்து மீனாட்சிபுரத்துக்குள் வந்தபோது எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். கம்ப்யூட்டர் மேஜை மேல் இருந்ததால் தப்பியது. பீரோவின் கீழ்த்தட்டு முழுகிவிட்டது. அதில்தான் போட்டோ ஆல்பங்களும் சி.டி. பையும் இருந்தன. ஆல்பங்களைப் பிரித்தால் ஒரு படமும் அடுத்த படமும் ஒட்டிக்கொண்டு, முகங்கள் சாயமாக வழிந்துவிட்டன. சி.டி.க்களை மட்டும் நல்ல தண்ணீரில் அலசி, கொடியில் துணி காயப்போடுகிற கிளிப்பில் மாட்டி, நிழலில் உலர்த்தி வைத்தேன். வண்டலைத் தேய்க்காமல் அலசியது நல்லதாகப் போயிற்று. காய்ந்த வண்டலைத் துணியால் துடைத்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகியிருக்கும்.

அந்த 46-இல் ஒரு தட்டு எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். 2003-இல் பேரன் பிறந்திருந்தபோது என் மனைவி அவனுக்குப் பாடிய தாலாட்டுகளை, புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய உற்சாகத்தில் மகன் மைக் வைத்துப் பதிந்து சி.டி.யில் எழுதிக் கொடுத்தான். ஏழு பாட்டு. அவள் போய் எட்டு வருஷம் ஆகிறது. அவள் குரல் வேறு எங்கும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் பள்ளியில் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு மொழியில். அப்பா காலமானபிறகு அம்மாவின் ஊரான பாளையங்கோட்டைக்கு வந்து, மறுபடி பரீட்சை எழுதி, டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி, அரசு அலுவலகத்தில் எழுத்தரானேன். பிரெஞ்சு பெரும்பாலும் மறந்துபோயிற்று. ஆனால் சில வார்த்தைகள் தேவையான நேரத்தில் வந்து நிற்கும். நாம் ‘சி.டி. டிரைவ்’ என்கிற சாமானுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘லெக்தர்’. அதற்கு வாசிப்பவர் என்று அர்த்தம். நூலகத்தில் உட்கார்ந்து புத்தகம் வாசிப்பவரையும் அதே வார்த்தையால்தான் சொல்வார்கள்.

கடையிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது அந்த வார்த்தை ஞாபகம் வந்தது. வாசிப்பவருக்குக் கண்புரை வந்தால் புத்தகத்தையா கிழித்துப் போடுவோம்? எனக்கே இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. ஆபரேஷனுக்கு முன்னால் பேப்பர்காரனிடம், “என்னப்பா, அச்சு வரவர மங்கலாயிட்டே போகுது” என்று குறைப்பட்டவன் நான்.

எங்கள் பள்ளியில் ஒரு முசியே இருந்தார். கணக்கோ கட்டுரையோ, பையன் திணறினால் தெக்கார்த் என்கிற தத்துவ ஞானியை இழுத்துவிடுவார். தெக்கார்த் 1637-இல் எழுதிய புத்தகத்தில் நான்கு விதிகள் இருக்கின்றன. தெளிவாகத் தெரியாததை உண்மை என்று ஏற்காதே. சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரி. எளிய துண்டிலிருந்து தொடங்கு. கடைசியில் எதுவும் விட்டுப்போகவில்லை என்று கணக்கெடு. அன்றைக்கு இது எங்களுக்கு வேப்பங்காய். அறுபது வருஷம் கழித்து ஒரு சி.டி. டிரைவுக்கு உதவியது.

‘லைட் எரிகிறது, சுற்றுகிறது, ஆகவே டிரைவ் நன்றாக இருக்கிறது’ என்பது முதல் விதியிலேயே தோற்கிறது. சுற்றுவது மோட்டாரின் வேலை. வாசிப்பது லேசரின் வேலை. கால் நன்றாக இருப்பதால் கண்ணும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

நான் பிரித்துப் பார்த்த விதத்தை வரிசையாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இது பால பாடம். என் வயதுக்காரர்களுக்கு உதவும்.

முதல் கேள்வி, கம்ப்யூட்டருக்கு டிரைவ் இருப்பது தெரிகிறதா என்பது. ‘மை கம்ப்யூட்டர்’ திறந்தால் டிரைவின் படம் வர வேண்டும். வராவிட்டால் லென்ஸைத் தொடவே வேண்டாம். பெட்டிக்குள் கேபிள் கழன்றிருக்கலாம், அல்லது மென்பொருள் சிக்கல். ‘டிவைஸ் மேனேஜர்’ பக்கத்தில் டிரைவின் பெயருக்கு அருகே மஞ்சள் எச்சரிக்கைக் குறி இருந்தால், அங்கேயே ‘அன்இன்ஸ்டால்’ கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பினால் அது தானாகவே டிரைவைக் கண்டுபிடித்துக்கொள்ளும். சிலருக்கு இதிலேயே சரியாகிவிடும். யு.எஸ்.பி.யில் மாட்டும் வெளி டிரைவாக இருந்தால் மின்சாரம் போதாமலும் முரண்டு பிடிக்கும். பல வாய் உள்ள பிரிப்பானில் மாட்டாமல், பெட்டியின் பின்பக்கத்தில் நேராக மாட்டிப் பாருங்கள். என் டிரைவ் திரையில் தெரிந்தது. ஆகவே அடுத்த கேள்வி.

இரண்டாவது, எந்தத் தட்டையும் வாசிக்கவில்லையா, சிலவற்றை மட்டும் வாசிக்கவில்லையா? இதுதான் முக்கியமான கேள்வி. கடையில் இதை யாரும் கேட்கவில்லை. மேல் அலமாரியில் நனையாமல் இருந்த காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வர சி.டி.யை எடுத்துப் போட்டேன். வாசித்தது! பக்கத்து மாடி வீட்டு அண்ணாச்சியிடம் ஒரு சினிமா டிவிடி வாங்கிப் போட்டேன். அதுவும் வாசித்தது. பையன் சொன்னதுதான் சரியோ, நனைந்தவை எல்லாம் போயினவோ என்று எனக்கே வயிறு கலங்கியது.

ஆனால் காருகுறிச்சிக்கும் என் மற்ற தட்டுகளுக்கும் நனைந்தது மட்டும் வித்தியாசமில்லை. அது கடையில் வாங்கியது, அச்சில் வார்த்தது. என் பையில் இருந்தவை வீட்டில் எழுதியவை. வித்தியாசம் இரண்டு இருக்கும்போது ஒன்றை மட்டும் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. எனவே மறுபடி மாடி ஏறினேன்.

“அண்ணாச்சி, வீட்டுல எழுதின சி.டி. எதாவது இருக்கா?”

“மக வளைகாப்பு இருக்கு. எதுக்குவே திரும்பத் திரும்ப வாரீரு?”

வெள்ளத்தையே பார்க்காத தட்டு அது. என் டிரைவில் போட்டேன். ‘தட்டைப் போடவும்’ என்றது. அப்புறம் என்னுடைய நனைந்த தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் அண்ணாச்சியின் பழைய கம்ப்யூட்டரில் போட்டேன். கேட்டால் சிரிப்பீர்கள், உடனே திறந்தது. வெள்ளத்துக்கும் தட்டுக்கும் சம்பந்தமில்லை. குற்றவாளி என் டிரைவ்தான்.

ஏன் அச்சுத் தட்டு வாசிக்கிறது, எழுதிய தட்டு வாசிக்கவில்லை? கடையில் வாங்கும் சி.டி.யில் உண்மையான நுண் பள்ளங்கள் அச்சில் விழுந்திருக்கும். பின்னால் அலுமினியப் பூச்சு கண்ணாடி போல மின்னும். நாம் எழுதும் சி.டி.யில் பள்ளம் கிடையாது. ஒருவகைச் சாயத்தை லேசர் சூடாக்கிக் கருக்கியதால் உண்டான தடங்கள்தான். அதிலிருந்து திரும்பும் ஒளி குறைவு. பலமுறை அழித்து எழுதும் ஆர்.டபிள்யூ. தட்டில் இன்னும் மிகக் குறைவு. லென்ஸில் மெல்லிய தூசி படிந்தாலோ லேசர் வயதாகித் தளர்ந்தாலோ முதலில் கைவிடப்படுவது இந்த எழுதிய தட்டுகள்தான். டிவிடி வாசிப்பதை வைத்து சி.டி.யும் வாசிக்கும் என்று சொல்ல முடியாது. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், சி.டி.க்கு 780 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஒரே டிரைவுக்குள் இரண்டும் தனித்தனி.

தண்ணீர் வடிந்தபிறகு ஒரு மாதம் வீடு முழுக்க ஈரம். பிறகு பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, வெள்ளையடிப்பு. அந்தத் தூசி எல்லாம் என் டிரைவின் கண்ணில் போய் உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது, கண்ணைத் துடைப்பது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும். லேசரை நேராகப் பார்க்கவே கூடாது. தட்டு வெளியே வரும் கதவில் ஊசித் துளை ஒன்று இருக்கும். அதில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பைச் செலுத்தினால் மின்சாரம் இல்லாமலே கதவு திறக்கும். முப்பது வருஷம் ஜெம் கிளிப்போடு குடித்தனம் நடத்தியும் இந்த உபயோகம் எனக்குத் தெரியாது. மெல்லிய வெளி டிரைவில் லென்ஸ் கண்ணெதிரே இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் பெரிய டிரைவைக் கழற்றி, அடியில் உள்ள நான்கு திருகுகளை எடுக்க வேண்டும். மருந்துக்கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேட்டு வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டும் தொடாமலும் நனைத்து, லென்ஸை மெதுவாக ஒரு சுற்று. அழுத்தக் கூடாது, அந்த லென்ஸ் மெல்லிய கம்பிகளில் மிதந்துகொண்டிருக்கிறது. காய்ந்தபின் மூடினேன். கை நடுங்கும் என்று நினைப்பவர்கள் வீட்டில் இளவயதுக்காரர் யாரையாவது செய்யச் சொல்லுங்கள்.

நான்காவது, தட்டைத் துடைப்பது. நாம் எல்லோரும் வட்டமாகத் துடைக்கிறோம், தோசைக்கல் துடைக்கிற மாதிரி. அது தவறு. தட்டில் தகவல் நடுவிலிருந்து வெளியே சுருள் பாதையாக ஓடுகிறது. பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல். டவுன் நெல்லையப்பர் கோயிலிலிருந்து பாளையங்கோட்டைக்கு நடக்கிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதையைக் குறுக்கே வெட்டும் கீறலை டிரைவ் சமாளித்துக்கொள்ளும். விட்டுப்போன எழுத்தைக் கணக்குப் போட்டு நிரப்பும் ஏற்பாடு அதில் உண்டு. பாதையோடு சேர்ந்து நீளமாக ஓடும் கீறலைத்தான் அதனால் சமாளிக்க முடியாது. எனவே நடுவிலிருந்து ஓரத்துக்கு, நேர்கோடாகத் துடைக்க வேண்டும்.

லென்ஸைத் துடைத்தபின் 36 தட்டுகள் என் டிரைவிலேயே வந்தன. மீதிப் பத்தை மாடிக்குக் கொண்டுபோனேன். ஒரு டிரைவ் தள்ளிய தட்டை இன்னொன்று ஏற்றுக்கொள்ளும். மனிதர்களிலும் அப்படி உண்டே! அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கால் மணிக்கு ஒருமுறை அணைந்துபோகும். இருந்தாலும் ஆறு தட்டுகளை முழுதாகக் கொடுத்தது. ஏழாவதாகத் தாலாட்டு சி.டி.

முதல் ஐந்து பாட்டுகள் வந்தன. ஆறும் ஏழும் வரவில்லை. கெட்ட இடத்தைத் தாண்டித் தாண்டி வாசிக்கும் மென்பொருளை மகன் போனிலேயே சொல்லிக்கொடுத்து இறக்கவைத்தான். இரவு முழுக்க ஓடியும் வரவில்லை. தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஊசிக்கண் போலவும் கோடாகவும் வெளிச்சம் ஊடுருவியது. மறுபக்கம் என் கையெழுத்து.

சி.டி.யில் கீழ்ப்பக்கத்தைத்தான் நாம் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறோம். அங்கே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனமான பிளாஸ்டிக் இருக்கிறது. தகவல் இருப்பதோ மேல்பக்கம், பெயர் எழுதும் பக்கத்தின் அடியில். மேலே மெல்லிய பூச்சு மட்டும்தான் காவல். அதில் நான் பால்பாயிண்ட் பேனாவால், அடியில் இரண்டு கார்பன் வைத்து எழுதிப் பழகிய கையால், அழுத்தி அழுத்தி ஏழு பாட்டின் பெயரையும் வரிசையாக எழுதியிருக்கிறேன். கடைசி இரண்டு பெயர்களின் அடியில் இருந்த பாட்டுகள்தான் போயின. ஆறு பெருகி வந்தும் ஒன்றும் ஆகவில்லை. அழித்தது என் பேனா. சி.டி.யில் எழுதுவதாயிருந்தால் அதற்கென்று விற்கும் மென்மையான மார்க்கரால், நடுவில் கண்ணாடி போல இருக்கும் வளையத்தில் மட்டும் எழுதுங்கள். ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள்.

இதுவரை சொன்னது பழுது பார்த்த கதை. இனிமேல் என் அபிப்பிராயம்.

அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பை முடிக்கும்போது அதன் ஆயுளையும் சேர்த்தே முடிவு செய்வோம். ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். கெடு முடிந்த கட்டுகளைப் பதிவறையிலிருந்து எடுத்து அழிப்போம். நிரந்தரக் கட்டை எலியும் கரையானும் அண்டாமல் வைப்போம். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு என்றாலும் நல்ல ஏற்பாடு.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் கோப்புகளோடு சி.டி.க்கள் வர ஆரம்பித்தன. ‘மென்நகல் குறுந்தகட்டில் இணைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி, பின்னால் ஒரு உறை. உறையோடு சேர்த்துத் தட்டையும் ஸ்டேப்ளர் அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில்தான் ஓட்டை இருக்கிறதே என்று டேக் கோத்துக் கட்டியவர்களும் உண்டு. கோப்பு நி.மு. ஆகிவிட்டால் உள்ளே இருக்கும் சி.டி.யும் நி.மு. என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நானும் நினைத்தேன்.

அங்கேதான் தப்பு. தட்டில் உள்ள விஷயம் நிரந்தரமாக இருக்கலாம், தட்டு நிரந்தரம் இல்லை. சாயம் மங்கும், பூச்சு உரியும். தட்டு தப்பினாலும் அதை வாசிக்கும் டிரைவ் இருக்காது. இப்போது வரும் லேப்டாப் எதில் டிரைவ் இருக்கிறது? நல்ல தாளில் எழுதிய நூறு வருஷத்துப் பத்திரத்தை வெளிச்சமும் கண்ணும் இருந்தால் வாசித்துவிடலாம். சி.டி.க்கு அப்படியில்லை. அது எப்போதும் ஒரு லெக்தரின் தயவில் இருக்கிறது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1086-இல் அரசர் வில்லியம் நாடு முழுக்க நிலக் கணக்கெடுத்து எழுதிய ‘டூம்ஸ்டே’ புத்தகம் இன்றும் இருக்கிறது, வாசிக்கவும் முடிகிறது. அதன் 900-ஆவது வருஷத்தைக் கொண்டாட 1986-இல் பி.பி.சி. நிறுவனம் நாட்டு மக்களைத் திரட்டி, ஊர் ஊராகப் படமும் குறிப்பும் சேர்த்து, அதே பெயரில் புதிய கணக்கெடுப்பு ஒன்றைச் செய்தது. அதைப் பதித்தது பெரிய லேசர் தட்டுகளில். பதினைந்து வருஷத்துக்குள் அந்தத் தட்டை வாசிக்கும் யந்திரங்களைக் காண்பது அரிதாகிவிட்டது. 2002 வாக்கில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, பழைய யந்திரத்தைப் புதிய கம்ப்யூட்டருக்குள் போலியாக உண்டாக்கித்தான் அதை மீட்க முடிந்தது.

நம் பக்கத்துக் கதை இன்னும் வருத்தமானது. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி இந்தச் சீமைக்கு வந்தபோது கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கும் போனார். பாண்டிய அரசர் ஒருவர் சேர்த்து வைத்திருந்த ஏடுகள் அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகக் கோயிலில் சொன்னார்களாம். ஆகமம் அப்படிச் சொல்கிறது என்று சமாதானமும் சொன்னார்களாம். அவருடைய சுயசரிதையில் இதை வாசித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. அதைச் செய்தவர்களும் கெட்டவர்களில்லை. வாசிக்கத் தெரிந்த ஆள் இல்லாத இடத்தில் ஏடு வெறும் ஓலை. கடைப் பையனுக்கு என் சி.டி. வெறும் பிளாஸ்டிக்காகத் தெரிந்தது போலத்தான்.

கல்லே ஆனாலும் வாசகர் வேண்டும். சங்கரன்கோயில் போகும் வழியில் மானூர் கோயிலில், ஊர்ச் சபை உறுப்பினருக்கு என்ன தகுதி வேண்டும் என்று சொல்லும் பாண்டியர் காலக் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் கல் அசையவில்லை. எழுத்து வட்டெழுத்து. கல்வெட்டறிஞர்கள் வாசித்து அச்சில் கொண்டுவந்ததால்தான் உங்களுக்கும் எனக்கும் விஷயம் தெரிகிறது.

ஓலை அழியும் என்பது நம் முன்னோருக்குத் தெரியும். அதனால்தான் பழைய ஏடு பொடியாவதற்குள் புது ஓலையில் பெயர்த்து எழுதினார்கள். இன்றைக்கு நாம் வாசிக்கும் பழைய நூல்கள் ஏதோ ஒரு ஓலை ஆயிரம் வருஷம் கிடந்ததால் வந்தவை அல்ல. யாரோ ஒருவர் தலைமுறைக்குத் தலைமுறை உட்கார்ந்து பெயர்த்து எழுதியதால் வந்தவை. பாதுகாப்பு என்றால் பூட்டி வைப்பது என்று நாம் நினைக்கிறோம். ஏட்டுக்கும் சரி, சி.டி.க்கும் சரி, பாதுகாப்பு என்பது நகல் எடுத்துக்கொண்டே இருப்பதுதான்.

மகன் சொல்கிறான், “அப்பா, எல்லாத்தையும் கிளவுடுல போட்ருங்க. வெள்ளமும் தொடாது, தூசியும் தொடாது.” போட்டிருக்கிறேன். ஆனால் மேகத்தில் போடுவது என்றால் வேறொருவர் கம்ப்யூட்டரில் போடுவதுதானே? சந்தா கட்டாவிட்டால் என்ன ஆகும்? பாஸ்வேர்டு என்னோடு போய்விட்டால்? அதையும் ஒரு நகலாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டுமே நம்பக் கூடாது. ஒன்று வீட்டில், ஒன்று வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம், ஒன்று மேகத்தில். ஒரே வெள்ளம் மூன்றையும் தொடாது.

அலுவலகங்களுக்கும் ஒரு வார்த்தை. புதுச் சட்டம் ஒன்றும் தேவையில்லை. பதிவறையில் இருக்கிற ஏற்பாட்டிலேயே ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டால் போதும். கோப்போடு சி.டி.யோ பென்டிரைவோ வந்தால், கோப்பின் ஆயுள் தனி, தட்டின் ஆயுள் தனி என்று எழுத வேண்டும். கோப்பு நி.மு., தட்டு மூ.மு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவறை எழுத்தர் அதைத் திறந்து பார்த்து, வாசிக்கிறது என்று கையெழுத்துப் போட்டு, வேறொன்றில் நகல் எடுத்து வைக்க வேண்டும். முக்கியமான பக்கங்களைத் தாளிலும் அச்செடுத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும். செலவு மிகக் குறைவு. செய்யாவிட்டால் இன்னும் சில வருஷத்தில் ஒரு வழக்கிலோ ஒரு நில அளவைத் தகராறிலோ, ‘இணைப்பு: குறுந்தகடு ஒன்று’ என்ற வரி மட்டும் கோப்பில் இருக்கும்.

வீட்டுக்காரர்களுக்குச் சொல்வது இதைவிடச் சுலபம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து அந்தப் பையை எடுங்கள். கம்ப்யூட்டரில் டிரைவ் இல்லையென்றால் யாரிடமாவது ஒரு வெளி டிரைவ் இரவல் வாங்குங்கள். ஒரு டிரைவ் மறுத்தால் இன்னொன்றில் போடுங்கள். எதையும் தூக்கி எறிவதற்கு முன்னால் குறைந்தது இரண்டு வாசகரிடமாவது காட்டுங்கள். வந்ததை இரண்டு இடத்தில் வையுங்கள்.

ஐந்து தாலாட்டுகளையும் பேரனுக்கு அனுப்பினேன். இப்போது அவனுக்கு 21 வயது. இரவு பத்து மணிக்குப் போன் பண்ணினான்.

“தாத்தா, மூணாவது பாட்டுக்கு நடுவுல குக்கர் விசில் கேக்குது.”

“ஆமாடா. உங்க ஆச்சி பாட்டை நிறுத்தாம, கையை ஆட்டி என்னை அடுப்பை அணைக்கச் சொன்னா. நான்தான் போய் அணைச்சேன்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “பாக்கி ரெண்டு பாட்டு?” என்றான். பேனா விஷயத்தைச் சொன்னேன். திட்டுவான் என்று பார்த்தேன், திட்டவில்லை.

புது ஹார்ட்டிஸ்க்கின் உறைமேல் ஒரு தாளை ஒட்டி, ‘நகல்: ஆடி 2024. அடுத்த நகல்: ஆடி 2027’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே பொறுப்பாளர் பெயர் எழுத ஒரு கோடு. அதில் பேரன் பெயரை எழுதியிருக்கிறேன், இந்த முறை பென்சிலால், அழுத்தாமல்.